ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய காடு: வாசகர்கள் கேட்டவை

போன இதழில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் ஹப்பர்ட் புரூக் என்ற ஆராய்ச்சிக் காட்டைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். 1963-இல் அந்தக் காட்டில் பிடித்த மழைத்தண்ணீரைச் சோதித்தபோது யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அமிலமாக இருந்தது. வட அமெரிக்காவில் அமில மழை பற்றிய பேச்சு அதிலிருந்துதான் சூடுபிடித்தது, 1990-இல் அந்த நாடு காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தியதற்கும் அந்தக் கணக்கு ஒரு காரணம் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்கள் இந்த இதழின் பக்கங்களை முழுசாக எடுத்துக்கொண்டன. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று ஏற்கெனவே இத்தனை வகை இருக்கிறதே. ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் தனியாக ஒரு காட்டை எதற்கு ஒதுக்க வேண்டும்?
(கோயம்புத்தூர்)

சரணாலயத்தில் மரத்தையும் விலங்கையும் காப்பாற்றுகிறோம். ஆராய்ச்சிக் காட்டில் அவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் காப்பாற்ற வேண்டும், அதுதான் கணக்கு. ஒரே இடத்தை, ஒரே முறையில், பத்து இருபது ஐம்பது வருஷம் விடாமல் அளந்து வரும் கணக்கு. நடுவில் யாரோ ஒரு நல்ல மனிதர் வந்து, வெறுமையாகக் கிடக்கிறதே என்று நாலு மரக்கன்று நட்டுவிட்டுப் போனாலும் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். சாதாரணக் காட்டில் அது புண்ணியம், இங்கே நஷ்டம். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அமெரிக்க வனத்துறை இதை 1908-இல் ஆரம்பித்தது. அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊருக்குப் பக்கம் ஃபோர்ட் வேலி என்ற இடம். அங்கே பாண்டரோசா பைன் மரங்களை வெட்டியபின் புதுக்கன்றுகள் சரியாக முளைக்கவில்லை, மரம் வெட்டி வியாபாரம் செய்தவர்களே கவலைப்பட்டுக் கேட்டார்கள். ஏன் முளைக்கவில்லை என்று பார்க்க ஒரு நிலையம் வைத்தார்கள். இன்று அப்படி 80-க்கும் மேற்பட்ட சோதனைக் காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் அந்தத் துறையிடம் இருக்கின்றன. ஹப்பர்ட் புரூக்கும் அதில் ஒன்று, ஒயிட் மவுண்டன் தேசியக் காட்டுக்குள்ளேயே 1955-இல் ஒதுக்கியது, ஏறக்குறைய 3,100 ஹெக்டேர்.

இன்னொரு வகையும் அங்கே உண்டு. அதை ஆராய்ச்சி இயற்கைப் பகுதி என்கிறார்கள். முதலாவதை 1927-இல் அதே அரிசோனாவில் ஒதுக்கினார்கள். சோதனைக் காட்டில் வெட்டலாம், எரிக்கலாம், உரம் போடலாம், எல்லாம் திட்டமிட்டு, எழுதிவைத்து. இயற்கைப் பகுதியில் எதையும் செய்யக்கூடாது, பார்க்க மட்டும்தான். இரண்டும் வேண்டும். கை வைத்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல, கை வைக்காத இடம் பக்கத்தில் இருந்தாக வேண்டுமே.

ஒரு காட்டில் மழையை அளக்கலாம், சரி. காட்டிலிருந்து வெளியே போவதை எப்படி அளக்கிறார்கள்? தண்ணீர் நாலா பக்கமும் ஓடுமே?
(திருச்சி, கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி, இதில்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. ஹப்பர்ட் புரூக்கில் மண்ணுக்குக் கீழே தண்ணீர் அதிகம் கசியாத பாறை. ஒரு சின்னச் சரிவில் பெய்யும் மழையில் ஆவியாகிப் போனது போக மீதியெல்லாம் அடியில் உள்ள ஒரே ஓடை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அந்த ஓடையின் வாயில் ஒரு கான்கிரீட் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். தடுப்பின் நடுவில் இங்கிலீஷ் 'வி' எழுத்து மாதிரி ஒரு கூர்மையான வெட்டு. தண்ணீர் கொஞ்சமாக வந்தால் வெட்டின் அடிமுனையில் நூல் மாதிரி விழும், அதிகமாக வந்தால் மேலே மேலே ஏறி அகலமாக வழியும். பக்கத்தில் ஒரு சின்னக் கிணறு, அதற்குள் ஒரு மிதவை. மிதவை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதை வைத்து நொடிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் புட்டியில் பிடித்தால் அதில் கால்சியம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்பதும் தெரியும். வரவு மழையில், செலவு ஓடையில். ஒரு மளிகைக் கடைக்கு எழுதுவது போலக் காட்டுக்கே வரவு செலவு எழுத முடிந்தது. ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன், நோய் ஜான்சன், ராபர்ட் பியர்ஸ் என்ற நாலு பேர் 1963-இல் ஆரம்பித்த கணக்கு அது, இன்றும் நடக்கிறது.

நிர்வாகம் என்ற உடனே நமக்கு அலுவலகமும் கோப்பும்தான் ஞாபகம் வரும். அங்கே நிர்வாகத்தின் பெரிய பகுதி, அந்த 'வி' வெட்டில் இலையும் சுள்ளியும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது. பனிக்காலத்திலும் போய்ப் பார்க்க வேண்டும்.

அதே காட்டில் ஒரு பகுதியை மொட்டையடித்து, மூன்று வருஷம் களைக்கொல்லி மருந்தும் அடித்தார்கள் என்று படித்தேன். அரசாங்கக் காட்டில் அறிவியல் பெயரால் இப்படிச் செய்யலாமா? நான் விவசாயி, எனக்கு வயிறு எரிந்தது.
(கோபிசெட்டிபாளையம்)

உங்கள் வயிறு எரிந்தது நியாயம்தான். நீங்கள் படித்ததும் உண்மை. 1965 கடைசியில், இரண்டாம் எண் நீர்ப்பிடிப்பில் (ஒரே ஓடையில் வடியும் சரிவைத்தான் நீர்ப்பிடிப்பு என்கிறார்கள்), சுமார் 15 ஹெக்டேர் சரிவில் இருந்த மரங்கள் முழுவதையும் வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு கட்டையைக் கூட வெளியே எடுத்துப் போகவில்லை, விழுந்த இடத்திலேயே விட்டார்கள். மறுபடி எதுவும் துளிர்க்காதபடி அடுத்த மூன்று கோடையிலும் மருந்து அடித்தார்கள்.

என்ன ஆனது? முதல் வருஷமே ஓடையில் தண்ணீர் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. அந்த அளவுக்குத் தண்ணீரை மரங்கள் இழுத்து ஆவியாக விட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. அதைவிடப் பெரிய அதிர்ச்சி நைட்ரேட். குடிதண்ணீருக்கு வைத்திருந்த வரம்பையும் தாண்டி ஓடையில் நைட்ரேட் கொட்டியது, கூடவே கால்சியமும் மற்றச் சத்துகளும் போயின. மண்ணில் இருக்கும் சத்தை மரங்களின் வேர்தான் பிடித்து வைத்திருக்கிறது, வேர் செத்தால் சத்தும் கரைந்து ஓடும் என்பதை அதற்கு முன் யாரும் இவ்வளவு தெளிவாக எண்களில் காட்டியதில்லை. மேல்மண் கரைந்து போவதைக் கண்ணால் பார்த்த விவசாயிக்கு இது புதுசு இல்லை, ஆனால் எவ்வளவு போகிறது என்று கிலோ கணக்கில் சொன்னால்தான் அரசாங்கம் கேட்கிறது. அந்த ஆராய்ச்சிக்குப் பிறகு அமெரிக்காவில் காட்டை மொத்தமாக வெட்டும் பழக்கத்தைப் பற்றிய விவாதத்தில் இந்த எண்கள் திரும்பத் திரும்ப வந்தன.

15 ஹெக்டேரை இழந்து ஒரு நாட்டுக்கான பாடம் கிடைத்தது என்றால் எனக்கு அது சம்மதம். ஆனால் சில நிபந்தனைகளோடு. எந்த இடம், எவ்வளவு, எத்தனை வருஷம் என்று முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். பக்கத்தில் தொடாத ஒரு இடம் ஒப்பிட இருக்க வேண்டும். ஹப்பர்ட் புரூக்கில் ஆறாம் எண் நீர்ப்பிடிப்பு அப்படிக் கை வைக்காமல் விட்டது. என்னைக் கேட்டால் அந்தக் காட்டிலேயே விலைமதிப்பானது ஆறாம் எண்தான். அப்புறம் முடிந்தபின் அந்த இடத்தை மறந்துவிடாமல், காடு எப்படித் திரும்பி வருகிறது என்பதையும் அளக்க வேண்டும். அங்கே காடு திரும்பி வந்தது, அதையும் அளந்தார்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். அமில மழை அந்த மண்ணில் இருந்த கால்சியத்தை எடுத்துப் போயிருந்தது தெரிந்தபின், 1999-இல் முதலாம் எண் நீர்ப்பிடிப்பின் மேல் ஹெலிகாப்டரில் இருந்து கால்சியம் கலந்த கனிமப் பொடியைத் தூவினார்கள். சர்க்கரை மேப்பிள் மரங்கள் தெம்பாயின. வெட்டிப் பார்த்த அதே காட்டில் ஒரு வைத்தியமும் செய்து பார்த்தார்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. எங்கள் நீலகிரியில் இப்படி யாராவது ஓடையை அளந்தது உண்டா? கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தண்ணீரைக் குடிக்கிறது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம், யாரும் நம்புவதில்லை.
(குன்னூர்)

அளந்திருக்கிறார்கள். உங்கள் பாட்டி சொன்னது சரி என்றும் காட்டியிருக்கிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கனில், மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம் செய்த வேலை அது. புல்வெளியும் சோலையுமாக இருந்த, அக்கம்பக்கத்தில் உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றும் முப்பது ஹெக்டேருக்குச் சற்று மேல். 1968-இலிருந்து 1972 வரை இரண்டையும் எதுவும் செய்யாமல் அளந்து மட்டும் வந்தார்கள். இந்த நாலு வருஷத்தைப் பலர் வீண் என்று நினைப்பார்கள். ஆனால் இது இல்லாமல் பின்னால் வருவது எதற்கும் மதிப்பில்லை, ஏனென்றால் ஒன்றில் இவ்வளவு ஓடினால் மற்றதில் எவ்வளவு ஓடும் என்ற உறவு முதலில் தெரிய வேண்டும்.

1972-இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். பத்து வருஷ முதல் சுற்றில் வருஷ நீர் ஓட்டம் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வந்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம் குறைந்தது. கோடையில் ஓடுகிற அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் இன்னும் மோசமாக அடிபட்டது. ஊற்று வற்றிப்போச்சு என்று மேல்மலை ஊர்களில் சொன்னதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, ஒரு சுற்றோடு நிறுத்தியிருந்தால் 16 என்று எழுதிப் புத்தகத்தை மூடியிருப்பார்கள். இருபது வருஷம் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் 25 தெரிந்தது. நீலகிரியில் ஒரு நிலத்தை இருபது வருஷம் வேறு எதற்கும் கொடுக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முதுமலைக்குள் மரத்துக்கு மரம் நம்பர் அடித்து வைத்திருக்கிறார்களாம். யானை முறித்துப் போட்டாலும், தீ வந்தாலும், உண்ணிச்செடி மூடினாலும் ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்களாமே. பார்த்துக்கொண்டே இருக்க ஒரு காடா?
(மசினகுடி)

ஆமாம். 50 ஹெக்டேர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடைய குழுவும் 1988-இல் ஆரம்பித்தது. தடிமன் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண். முதல் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 26 ஆயிரம், 70 வகைக்கு மேல். எது செத்தது, எது புதிதாக வந்தது என்று வருஷா வருஷம் பார்க்கிறார்கள், நாலு வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றின் சுற்றளவையும் எடுக்கிறார்கள். பனாமா நாட்டில் பாரோ கொலராடோ தீவில் 1980-இல் முதன்முதலாக 50 ஹெக்டேர் வைத்து ஆரம்பித்த முறை. இலங்கையின் சிங்கராஜ காடு உட்பட உலகத்தின் பல காடுகளில் இன்று அதே மாதிரி நடக்கிறது.

யானை விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கைடியா என்று ஒரு சின்ன மரம், யானைக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. ஆரம்பத்தில் அந்த இடத்தில் நிறைய இருந்தது, சில வருஷங்களிலேயே யானை தின்றும் முறித்தும் சாய்த்தும் எண்ணிக்கை மளமளவென்று விழுந்தது. யாராவது வேலி போட்டிருந்தால் கைடியா பிழைத்திருக்கும், ஆனால் யானையும் தீயும் வறட்சியும் சேர்ந்து ஒரு வறண்ட காட்டை எப்படி மாற்றுகின்றன என்ற கணக்கு நமக்குக் கிடைத்திருக்காது. தீயிலும் அப்படித்தான். பெரிய தேக்கும் வெண்தேக்கும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன, விரல் தடிமன் கன்றுகள்தான் போகின்றன. அடுத்தடுத்த வருஷம் தீ வந்தால் அடுத்த தலைமுறையே இருக்காது. இது எண்ணி எண்ணித் தெரிந்துகொண்டது.

உண்ணிச்செடியில் மட்டும் என் மனசு இரண்டாக இருக்கிறது. அது இந்த மண்ணின் செடி இல்லை, காப்பகம் முழுக்க அதைப் பிடுங்கி எறிகிறார்கள், பிடுங்கத்தான் வேண்டும். அந்த 50 ஹெக்டேருக்குள் மட்டும் அது பரவுவதை அளந்துகொண்டிருப்பது பார்க்கிறவருக்குக் கொடுமையாக இருக்கும். ஆனாலும் விட்டுவைக்கத்தான் சொல்வேன். 300 சதுர கிலோமீட்டருக்கும் பெரிய காட்டில் இது அரை சதுர கிலோமீட்டர்.

மசினகுடிக்காரர் நீங்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். யானை வருகிற காட்டில் பாதையும் மரமும் தெரிந்த உள்ளூர்ப் பழங்குடி ஆட்கள் கூட இல்லாமல் இந்த மாதிரி கணக்கெடுப்பு ஒரு நாள் கூட நடக்காது. எந்தச் சத்தத்துக்கு நிற்க வேண்டும், எதற்கு ஓட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கட்டுரைகளின் கடைசியில் நன்றி என்று ஒரு வரியில் அவர்கள் பெயர் வருகிறது. முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பது என் கருத்து.

விஞ்ஞானி கேட்டால் வனத்துறை எதற்கும் சரி என்று சொல்லிவிடுமா?
(மதுரை)

நம் நாட்டில் 1972-ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் ஆராய்ச்சிக்குப் போகத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள், அவர்கள் கோபம் நியாயம். ஆனால் கேட்ட உடனே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது.

1964, அமெரிக்காவின் நெவாடா மாநிலம், வீலர் பீக் என்ற மலை. தேசியக் காடு, அதாவது பொதுநிலம். டொனால்ட் கரி என்ற மாணவர் பழைய பனிப்பாறைகளின் காலத்தைக் கணக்கிட அங்கே இருந்த பிரிஸ்டில்கோன் பைன் மரங்களின் வளையங்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மரத்தில் துளைக்கருவியை வைத்து எடுத்த மாதிரி சரிப்படவில்லை. மரத்தையே வெட்டிக்கொள்ளலாமா என்று வனத்துறையைக் கேட்டார். அந்தப் பகுதி அதிகாரி சரி என்றார். வெட்டி எண்ணினால் 4,800-க்கும் மேல் வளையங்கள். அன்றைக்கு மனிதனுக்குத் தெரிந்த மரங்களில் அதுதான் வயசானது. எகிப்தில் பிரமிடு கட்டும்போது அது நின்றுகொண்டிருந்த மரம். புரோமிதியஸ் என்று பெயர், வெட்டியபின் அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

மாணவரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் கேட்டார், கேட்பது அவர் உரிமை. ஒரு அதிகாரி தனியாக அன்றைக்கே முடிவெடுக்க முடிந்தது பாருங்கள், அங்கேதான் தப்பு. நாலு பேர் உட்கார்ந்து, வேறு மரம் இல்லையா, வேறு வழி இல்லையா, இதே இடத்தில் வேறு யாராவது ஆராய்ச்சி செய்கிறார்களா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் அந்த மரம் இன்றைக்கும் நின்றிருக்கும். இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கும் மெத்தூசலா என்ற அதே வகை மரம் எது என்பதை வனத்துறை வெளியே சொல்வதே இல்லை.

காட்டுத்தீயில் ஆராய்ச்சிக் காடு எரிந்துபோனால் அத்தனை வருஷ உழைப்பும் வீண்தானே?
(சென்னை)

வீண் இல்லை. ஓரிகான் மாநிலத்தில் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் சோதனைக் காடு, 1948-இல் ஒதுக்கியது, சுமார் 6,400 ஹெக்டேர். 2023 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பிடித்த தீயில் அதில் ஏறக்குறைய 70 சதவீதம் எரிந்தது. பல நூறு வருஷ வயசு டக்ளஸ் ஃபிர் மரங்கள் நின்ற காடு. அங்கே வேலை செய்தவர்களுக்கு அது வீட்டில் சாவு விழுந்த மாதிரிதான். ஆனால் எரிவதற்கு முந்தைய எழுபத்தைந்து வருஷக் கணக்கு கையில் இருக்கிறது, இப்படி ஒரு 'முன்பு' இருக்கும் எரிந்த காடு உலகத்தில் மிகக் குறைவு. அந்த எழுபது சதவீதத்தில் என்ன திரும்பி வருகிறது, மீதி முப்பதில் என்ன மாறுகிறது என்பதுதான் இனி அங்கே வேலை.

செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980-இல் வெடித்தபோதும் இப்படித்தான். பக்கத்தில் தனியார் நிலத்தில் விழுந்த மரத்தை எடுத்துக்கொண்டு புதுக்கன்று நட்டார்கள். 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 1,10,000 ஏக்கரைத் தனியாகப் பிரித்து, இங்கே இயற்கை தானாகத் திரும்பட்டும், விஞ்ஞானிகள் பார்க்கட்டும் என்று சட்டம் போட்டது. சாம்பல் மேட்டில் முதலில் வேர் பிடித்தவற்றில் லூபின் என்ற சின்னப் பூச்செடியும் ஒன்று. ஒரே மலை, ஒரே வெடிப்பு, ஒரு பக்கம் நட்ட காடு, ஒரு பக்கம் தானாக வந்த காடு. யாரும் காசு கொடுத்து உண்டாக்க முடியாத ஒப்பீடு.

அங்கே பின்னால் ஒரு தகராறும் வந்தது. வெடிப்பில் வழி அடைபட்ட ஸ்பிரிட் ஏரி உடைத்துக்கொண்டு கீழே உள்ள ஊர்களை அடித்துப் போகாமல் இருக்க 1985-இல் மலையைக் குடைந்து ஒரு சுரங்கக் கால்வாய் போட்டார்கள். அதைப் பழுது பார்க்க ஆராய்ச்சி நடக்கும் சாம்பல் சமவெளியின் குறுக்கே சாலை வேண்டும் என்றது வனத்துறை, நாற்பது வருஷ ஆராய்ச்சி போய்விடும் என்றார்கள் விஞ்ஞானிகள். ஊர் மக்களின் உயிர் என்று வந்தால் நான் சாலையின் பக்கம்தான். சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் அளந்து வந்தவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பொதுமக்கள் இந்தக் காடுகளுக்குள் போகலாமா?
(சேலம்)

ஆண்ட்ரூஸில் முதுமரக் காட்டுக்குள் நடக்கப் பாதையே போட்டிருந்தார்கள். செயின்ட் ஹெலன்ஸில் கட்டுப்பாட்டுப் பகுதியில் பாதையை விட்டு இறங்கினால் அபராதம். முதுமலையின் ஆராய்ச்சி இடம் காப்பகத்துக்குள் இருக்கிறது, சுற்றுலாவாகப் போக முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது? அரசாங்கக் காட்டில் கொஞ்சம் மரம் வெட்டி விற்றே ஆராய்ச்சி நடத்தலாமே?
(ஈரோடு)

இதற்கு ஓரிகானின் எலியட் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் ஏற்பட்ட மாநிலக் காடு, 80 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அங்கே மரம் வெட்டிய காசு பள்ளிக்கூட நிதிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலில் மேய்ந்து முதுமரத்தில் கூடு வைக்கும் மர்லெட் என்ற சின்னப் பறவை அங்கே இருந்தது, வழக்குகள் வந்தன, வெட்டுவது குறைந்தது, காசும் நின்றது. காடு செலவு வைக்கிறது என்று விற்கவே கிளம்பினார்கள். 2017-இல் மக்கள் எதிர்ப்புக்குப் பின் விற்பதில்லை என்று முடிவானது. பள்ளிக்கூட நிதிக்கு 221 மில்லியன் டாலர் ஈடு கட்டி அந்தக் காட்டை அந்த நிதியிலிருந்து பிரித்தார்கள், 2022-இல் ஆராய்ச்சிக் காடாகச் சட்டம் போட்டார்கள். நடத்துவதாக இருந்த ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகம் 2023-இல் விலகிக்கொண்டது. காடு இன்றும் ஆராய்ச்சிக் காடுதான், மாநிலத்தின் நிலத்துறை நடத்துகிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஆராய்ச்சிக்காக மரம் வெட்டலாம், வெட்டியது விற்றால் தப்பில்லை. வருமானத்துக்காக வெட்டி அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்கக்கூடாது. எத்தனை மரம் வெட்ட வேண்டும் என்பதைக் கேள்வி முடிவு செய்ய வேண்டும், சம்பளப் பட்டியல் முடிவு செய்தால் பத்து வருஷத்தில் ஒப்பிடத் தொடாத இடமே இருக்காது.

நான் விலங்கியல் ஆசிரியை. எங்கள் கல்லூரி வளாகத்தில் பழைய மரங்கள் நிறைய. சின்ன அளவில் நாங்களே ஆரம்பிக்கலாமா? எத்தனை வருஷம் செய்தால் பிரயோஜனம்?
(தென்காசி)

தாராளமாக, அம்மா. எத்தனை வருஷம் என்றால், ஆண்ட்ரூஸில் மார்க் ஹார்மன் என்பவர் 1985-இல் நாலு வகை மரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டைகளைத் தரையில் போட்டு, அவை எப்படி மட்குகின்றன என்று பார்க்க 200 வருஷத் திட்டம் எழுதினார். நீங்கள் பத்து வருஷம் என்று எழுதுங்கள். உங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் அடுத்தவர் எடுத்துச் செய்யும்படி முறையை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

நூறு மரம் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, எல்லா வருஷமும் அதே மாதம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். நான் ஒரு முறை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு குழுவோடு கணக்கெடுப்புக்குக் கூடப் போனேன். ஒரு இடத்தில் ஏழெட்டு மரத்தில் அலுமினியத் தகடு காணோம், யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த மரங்களைப் பழைய வரைபடத்தை வைத்துத் தூரம் அளந்துதான் கண்டுபிடித்தோம், அரை நாள் போனது. ஆகவே ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று வரைபடம் கட்டாயம். இன்னொரு மரம் தகட்டை விழுங்கியிருந்தது. பட்டை இரண்டு பக்கமும் உதடு மாதிரி வளர்ந்து மூடி, நடுவில் தகட்டின் ஓரம் மட்டும் மினுங்கியது, '4' என்ற ஒரு எண் மட்டும் படிக்க முடிந்தது. ஆணியை முழுக்க உள்ளே அடித்துவிட்டிருந்தார்கள். நீங்கள் பாதி ஆணியை வெளியே விட்டு அடியுங்கள், மரம் பெருக்க இடம் வேண்டும். நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். குற்றாலச் சாரலில் பேனா மை நிற்காது.